தாத்தா காட்டிய தரங்கம்பாடி!

குடும்பத்தோடு டூர் போவது, கூட்டணி ஆட்சி நடத்துகிற மாதிரி. பிரதமர் நீங்கள்தான். ஆனால், முடிவு எடுப்பது நீங்கள் இல்லை. நிதி இலாகா மட்டும் உங்கள் கையில் இருக்கும். அதுவும் காலியாகிற வரைக்கும்.

சனி, ஞாயிறு, அதோடு ஒட்டிக்கொண்டு திங்கட்கிழமை கவர்ன்மென்ட் லீவு. ஆபீஸ் காலண்டரில் இப்படி மூன்று நாள் சேர்ந்தாற்போல வருவது, ஹெட்கிளார்க் தானாகச் சிரிப்பதைவிட அபூர்வம். உடனே வீட்டில் அமைச்சரவைக் கூட்டம் கூடியது.

சம்சாரம் ஊட்டி என்றாள். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன். 'பாஸ்' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஐந்தாம் கிளாஸ் படிக்கும் என் பையன் எழுந்து பாத்ரூம் போய்விட்டான். அது ரிப்போர்ட் கார்டு வந்திருந்த வாரம்.

ஒன்பதாவது படிக்கும் மகள் கோவா என்றாள். அவள் கிளாஸில் எல்லோரும் கோவா போய்விட்டார்களாம். 'எல்லோரும்' என்றால் இரண்டு பேர் என்பது ஒன்பதாம் வகுப்புக் கணிதம். திரும்பி வந்த பையன், நீச்சல் குளம் இருக்கும் ஓட்டலாக இருந்தால் எந்த ஊரானாலும் சம்மதம் என்று பெருந்தன்மையாக அறிவித்தான்.

அப்பா ஓரமாக ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டணியில் அவர் வெளியிலிருந்து ஆதரவு தரும் கட்சி. எழுபத்தாறு வயது. ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதமாக அவர் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். 'உம்', 'வேணாம்', 'போதும்'. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் வரமாட்டார்.

கோவாவா, ஊட்டியா என்று சண்டை சூடு பிடித்த சமயத்தில் பேப்பர் கீழே இறங்கியது.

"தரங்கம்பாடி போலாமே" என்றார் அப்பா.

வெளியிலிருந்து ஆதரவு தரும் கட்சி வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்சி மாறிவிட்டது. கோவா, கோவா என்று ஒரு வாரமாக ஜபித்துக்கொண்டிருந்த மகள்கூட, "சரி தாத்தா" என்று சொல்லிவிட்டாள். எட்டு மாதத்தில் அவர் தானாகக் கேட்ட முதல் விஷயம் அது.

*

ராத்திரி ரயிலைப் பிடித்து விடியற்காலை மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கினோம். அப்பாவுக்கு அது இன்னும் மாயவரம்தான். ஸீனியர் ஸிட்டிஸன் சலுகையை 2020-ல் நிறுத்திவிட்டதால் அவருக்கும் முழு டிக்கெட். "நாற்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச மனுஷனுக்கு இதுதான் மரியாதை" என்று என் சம்சாரம் ரயில்வேயைத் திட்டினாள். மருமகள் தனக்காகச் சண்டை போடுவதை அப்பா ரசித்த மாதிரி இருந்தது. ஆனால், சொல்லவில்லை.

காபி குடித்ததும் ஆளைக் காணோம். தேடினால் பிளாட்பாரத்தின் கோடியில் நின்றுகொண்டு, பேரனுக்குக் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"இங்கேருந்துதான்டா தரங்கம்பாடி வண்டி புறப்படும். மீட்டர் கேஜ். முப்பது கிலோ மீட்டர்."

"இப்ப எங்க தாத்தா அந்த ட்ரெயின்?"

"நிறுத்திட்டாங்க."

1926-ல் போட்ட பாதை. 1986-ல் மூடிவிட்டார்கள். சரியாக அறுபது வருஷம். மனிதர்களுக்கு அறுபது ஆனால் பக்கத்துத் திருக்கடையூரில் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். ரயிலுக்கு அறுபது ஆனபோது தண்டவாளத்துக்கு விடை கொடுத்துவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறினோம். அப்பாவுக்கு ஜன்னல் ஸீட். வண்டி ஊரைத் தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்: "மன்னம்பந்தல்... செம்பனார்கோயில்... ஆக்கூர்... திருக்கடையூர்... தில்லையாடி... பொறையார்... தரங்கம்பாடி." பழைய ஸ்டேஷன்கள். ஏழாம் வாய்ப்பாடு மாதிரி மூச்சு விடாமல் வந்தது. என் பையன் ரெண்டாவது தடவை கூடவே சொன்னான். மூன்றாவது தடவை தனியாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுளுக்கு முக்கால் மணி நேரம் அழுகிறவன் இவன்தான்.

திருக்கடையூரில் பஸ் நின்றது. அபிராமி சந்நிதிக்கு அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள மாலையும் கழுத்துமாகப் பெரியவர்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேரன் பேத்திகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "எண்பதுக்கு இங்கதான்னு சொல்லிட்டிருந்தா" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பஸ் கிளம்பும்வரை நாங்கள் யாரும் பேசவில்லை.

*

தரங்கம்பாடிக்குள் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. ஊருக்கே வாசல். வெள்ளை வெளேரென்று, 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜா வீதி. நேராகக் கடலில் போய் முடிகிற தெரு. இரண்டு பக்கமும் பழைய பங்களாக்கள், சர்ச்சுகள், பெரிய பெரிய தூண்கள். ஹாரன் சத்தம் இல்லை. மெட்ராஸ்காரனுக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துக்கொண்டதோ என்று சந்தேகம் வரும்.

நாங்கள் தங்கிய லாட்ஜின் பெயர் வேண்டாம். 'ஸீ வியூ ரூம்' என்று போர்டு போட்டிருந்தார்கள். பொய் இல்லை. பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தால் கடல் தெரிந்தது. பையன் முதல் நாள் பூராவும் பக்கெட்டின்மேல்தான் இருந்தான்.

கடலுக்கு எதிரே டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் கட்ட ஆரம்பித்தது. இந்தக் கோட்டை இங்கே வந்த கதை, டூர் பிளான் போடுகிற எல்லோருக்கும் ஆறுதல் தரக்கூடியது. டென்மார்க்கிலிருந்து 1618-ல் ஓவ் கெட்டே என்கிற இளம் தளபதி கப்பல்களோடு கிளம்பினார். அவர் கிளம்பியது தரங்கம்பாடிக்கு இல்லை, இலங்கைக்கு. போர்ச்சுக்கீசியருக்கு எதிராகக் கண்டி ராஜாவுக்குக் கைகொடுத்து, பதிலுக்கு வியாபாரம் செய்யலாம் என்று திட்டம். வழியிலேயே வியாதியில் ஏகப்பட்ட பேர் செத்துப்போனார்கள். இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தால், கண்டி ராஜா போர்ச்சுக்கீசியரோடு எப்போதோ சமாதானம் செய்துகொண்டுவிட்டார். வேலை இல்லை. அப்புறம்தான் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இந்த மீனவ கிராமத்தில் கோட்டை கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

"ஆக, இவங்களும் வேற ஊருக்குக் கிளம்பி இங்க வந்தவங்கதான்" என்றாள் மகள், கோவாவை மனதில் வைத்துக்கொண்டு.

இருநூற்று இருபத்தைந்து வருஷம் இருந்துவிட்டு, 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்திலிருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையும் கடலும் சேர்த்து. நான் இந்தத் தொகையைப் படித்துச் சொன்னதும் என் சம்சாரம் ஒரு பெருமூச்சு விட்டாள். "நம்ம ஃபிளாட்ல கார் பார்க்கிங் மட்டும் எவ்வளவுங்க சொன்னான் அந்த பில்டர்?"

கோட்டைக்குள் கீழே கிடங்கு, சமையலறை, சிறை. மேலே கவர்னர் தங்கிய இடம். இப்போது தொல்லியல் துறையின் மியூஸியம். சுதந்திரத்துக்குப் பிறகு 1978 வரைக்கும் இது என்னவாக இருந்தது தெரியுமா? இன்ஸ்பெக்ஷன் பங்களா! அதாவது, டூர் வருகிற ஆபீஸர்கள் தங்கிக் கோழிக் குழம்பு சாப்பிடுகிற இடம். டி.ஏ. பில்லில் 'தங்கிய இடம்: பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை' என்று எழுதிய அந்தப் புண்ணியவான்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்தக் கீழ்த்தளச் சிறையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ராஜா வீதியில் சிலையாக நிற்கும் சீகன்பால்கு, இந்தக் கோட்டையில் கைதியாக இருந்தவர். 1706-ல், இருபத்து நாலு வயதில், ஜெர்மனியிலிருந்து டென்மார்க் ராஜா அனுப்பி மதப் பிரசாரத்துக்கு வந்த பாதிரியார். உள்ளூர் டேனிஷ் கமாண்டருக்கும் அவருக்கும் ஆகவில்லை. 1708-ல் பிடித்து நாலு மாதம் உள்ளே போட்டுவிட்டார். ராஜாவே அனுப்பிய ஆளாக இருந்தாலும் லோக்கல் மேனேஜர் மனசு வைக்காவிட்டால் இதுதான் கதி என்பது ஆபீஸில் வேலை பார்க்கிற நமக்கெல்லாம் தெரிந்ததுதானே!

தமிழ் கற்றுக்கொள்ள அவர் செய்த காரியம்தான் வேடிக்கை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, பொடிப் பையன்களோடு தானும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். அப்புறம் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்தார். 1712-ல் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் தடித் தடியாக இருந்து பேப்பரைத் தின்றதால், இங்கேயே சின்னதாக வார்த்தார்கள். அதற்கு ஈயம் போதாமல் சீஸ் டப்பா மூடிகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்றில் ஒரு கதை உண்டு. 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். அவர் கட்டிய புது எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம்.

"வெள்ளைக்காரருக்கு எதுக்குத் தாத்தா தமிழ்?" என்றான் பையன். தமிழில் நாற்பத்தொன்று வாங்கியவனுக்கு இது நியாயமான சந்தேகம்.

அப்பா பதில் சொல்லவில்லை. அவனைக் கடற்கரை மணலில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து 'ழ' எழுத வைத்தார். அலை வந்து அழித்தது.

"அழிஞ்சுபோச்சு தாத்தா."

"அழிஞ்சா மறுபடி எழுது. சிலேட்டு ஓசிதானே?"

நாங்கள் கிளம்புகிற வரைக்கும் அவன் எழுதிக்கொண்டே இருந்தான்.

*

இப்போது ஓசோன் விஷயம். தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று இங்கே பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். என் சம்சாரமும் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அதைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். ஓசோன் வானத்தில் பத்திருபது மைல் உயரத்தில் இருந்தால்தான் நமக்கு நல்லது. தரையில் இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்கரையில் வீசுகிற அந்த வாசனைக்கு முக்கியக் காரணம், கடலில் உள்ள நுண்ணுயிர்கள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு என்கிற வாயு. இதைச் சொன்னதும், "உங்களுக்கு எதையும் சும்மா அனுபவிக்கத் தெரியாதாங்க?" என்றாள். காற்று நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். ஏழு நூறு வருஷத்துக்கு முன்னால் பாண்டியர் காலத்தில் எழும்பியது. குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் 'சடங்கன்பாடி' என்கிறது. அந்தப் பழைய கோயிலின் முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. கோயில் எங்கோ, கடல் எங்கோ இருந்த காலம் போய், அலை படியேறி வந்துவிட்டது. இப்போது கருங்கற்களைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகமும் செய்துவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கற்களின் மேல் நின்று பார்க்கும்போது, இந்த ஊரில் எதுவும் தவணை முறையில்தான் இருக்கிறது என்று தோன்றும். தவணையை வசூலிப்பது கடல்.

பிள்ளைகள் இரண்டும் தண்ணீரில் இறங்கத் துடித்தன. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கினார்.

"ஸார், அந்தப் பக்கம் விடாதீங்க."

"அங்கதான் அலையே இல்லையே?"

"அதனாலதான் சொல்றேன். அலை அடிக்கிற எடத்தைவிட, அடிக்காத எடம்தான் ஆளை இழுக்கும்."

இளவட்ட வாசகர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படிக்கவும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போக ஒரு வாய்க்கால் வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் அமைதியாக இருந்தால், அதுதான் அந்த வாய்க்கால். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது. களைத்துப்போய்விடுவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகி, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். காரைக்கால் இங்கிருந்து பதினைந்து கிலோ மீட்டருக்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் சில நண்பர்களின் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். அங்கே போய்விட்டு வந்து இங்கே இறங்காதீர்கள். அவ்வளவுதான்.

அப்பா அந்தப் பெரியவர் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார். பேச்சு சுனாமிக்குப் போனது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 2020-லிருந்து மயிலாடுதுறை மாவட்டம். மாவட்டம் மாறலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர் தன் கணக்கைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"கோவம் வரலையா கடல்மேல?" என்று என் மகள் கேட்டாள்.

"வராம? கோவிச்சுக்கிட்டுப் போனேனே தாயி! திருப்பூர்ல பனியன் கம்பெனி, வாட்ச்மேன் வேலை. பதினோரு மாசம். ராத்திரி தூக்கமே வரல. சத்தம் இல்லாம எப்படித் தூங்கறது? வந்துட்டேன்."

தரங்கம் என்றால் அலை. அலை பாடுகிற ஊர் என்று பெயருக்கு அர்த்தம் சொல்வார்கள். அந்தப் பாட்டு சிலருக்குத் தாலாட்டு என்பதை எந்த கைடு புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

*

மறுநாள் காலை அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். "ஸ்டேஷனைப் பாத்துட்டு வந்துடலாம்."

டீக்கடையில் விசாரித்தோம். கடைக்காரப் பையனுக்கு இருபது வயது இருக்கும். "ரயில்வே ஸ்டேஷனா? மாயவரத்துலல்ல இருக்கு?" என்றான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் வழி சொன்னார். நடந்தோம். சீமைக் கருவேலம் முள் மண்டிய ஒரு மேடு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு எல்லாம் தெரிந்தது. "இது பிளாட்பாரம். அதோ, அங்க கவுன்ட்டர். இந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. இங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சு." மரம் இல்லை. இருந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு நடந்தார், மரம் இருப்பது மாதிரியே.

1982-லிருந்து மூன்று வருஷம் அவர் இங்கே வேலை பார்த்திருக்கிறார். நான் பிறந்தது அப்போதுதான். கைக்குழந்தையாக நான் ராத்திரி பகல் அழுவேனாம். அம்மா தூக்கிக்கொண்டு வந்து கவுன்ட்டரில் உட்கார வைப்பாளாம். அட்டை டிக்கெட்டில் தேதி அடிக்கிற மெஷின் 'டக்'கென்று சத்தம் போட்டதும் அழுகை நின்றுவிடுமாம். நாற்பது வயதுக்கு மேலும் ஆபீஸில் ஸீல் குத்துகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு உற்சாகம் வருகிறது. காரணம் இப்போதுதான் புரிந்தது.

"பாதையை மூடறதுக்கு ஒரு வருஷம் முந்தி என்னை மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். ரயில் இல்லாத தரங்கம்பாடியை நான் பாக்கமாட்டேன்னுட்டா உங்கம்மா."

கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடைசி வண்டி போனதும் பூட்டிட்டு, உன்னைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கோட்டைப் பக்கம் போவோம். வேர்க்கடலை வாங்கிக்கிட்டு உக்காருவோம். அவ பேசிக்கிட்டே இருப்பா. நான் பதிலே சொல்லமாட்டேன். அலைச் சத்தத்துல அவ சொல்றது பாதிதான் காதுல விழும். சரி, வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கலாம்னு விட்டுடுவேன். வீட்டுக்குப் போனா மறந்துபோயிடும்."

"என்ன தாத்தா சொல்லியிருப்பாங்க பாட்டி?" என்றாள் மகள்.

"அதான் தெரியலையே" என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார். அவ்வளவு எளிதாக வரவில்லை.

என் சம்சாரம் ஒன்றும் சொல்லாமல் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முள்காட்டில் ஜாக்கிரதையாக நடக்கத்தான் பிடித்தாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொள்ளும்படி பிடித்தாள்.

அன்று சாயங்காலம் கோட்டைக்கு எதிரே ஐந்து பேரும் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா பேச ஆரம்பித்தார். அம்மா இந்த ஊரில் முதன்முதலில் மீன் வாங்கப் போய், பேரம் பேசத் தெரியாமல் ஒரு வாரத்துக்கு வேண்டிய நெத்திலியோடு திரும்பி வந்தது. சம்பளம் தாமதமான மாதம் சில்லறைப் பானையைக் கவிழ்த்துக் கணக்குப் பார்த்தது. கவர்ன்மென்ட் ஜீப்பில் வந்த ஆபீஸருக்கு டிக்கெட் கேட்டு அப்பா திட்டு வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் "அப்புறம்?" என்றார்கள். அலைச் சத்தத்தில் ஏதாவது காதில் விழாவிட்டால், "மறுபடி சொல்லுங்க தாத்தா" என்று அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ரயிலில் பக்கத்து பெர்த்காரர் லைட்டை அணைக்கச் சொன்னார். அணைத்தோம். அப்பா இருட்டிலும் பேசிக்கொண்டு வந்தார். விழுப்புரம் தாண்டிய பிறகுதான் தூங்கினார்.

*

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

சென்னையிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில். அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம் பஸ். காரைக்காலிலிருந்தும் பஸ் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும் வரும் காலம், தவிர்க்கலாம். ஜனவரி, பிப்ரவரி சுகம்.

பார்க்க வேண்டியவற்றை ஒரு நாளில் பார்த்துவிடலாம். மீதி நாட்களில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் இந்த ஊரின் விசேஷம். தலைக்கு இத்தனை என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடும் வேடிக்கைகள் இங்கே கிடையாது. உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.

அலுத்தால் வடக்கே பூம்புகார் இருக்கிறது. பக்கத்திலேயே தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-ல் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். மறு வருஷமே காந்தி இங்கே வந்து போயிருக்கிறார்.

தரங்கம்பாடிதான் என்று இல்லை. உங்கள் வீட்டு ஈஸிசேரிலும் ஒரு பெரியவர் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். வேலை பார்த்த ஊரோ, வாழ்க்கைப்பட்ட ஊரோ, அவரிடம் ஒரு பெயர் கட்டாயம் இருக்கும். அடுத்த லீவுக்கு ஊட்டியா, கோவாவா என்று சண்டை ஆரம்பிப்பதற்கு முன்னால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சீக்கிரம் கேளுங்கள். ரயில் ரிசர்வேஷன் அறுபது நாள் முன்னாலேயே திறந்துவிடுகிறது. ஜன்னல் ஸீட் சீக்கிரம் தீர்ந்துபோகும்.